பழைய பிளாப்பியில் தூங்கும் தமிழ் பைல்களை எழுப்புவது எப்படி?

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தருமபுரியில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பெரியவர் வந்து நின்றார். அரூர் பக்கத்து கிராமப் பள்ளியில் எனக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்த ஐயா. கையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. திறந்தால் உள்ளே பதினொரு பிளாப்பி டிஸ்க்குகள்.

"தம்பி, நீ கம்ப்யூட்டர் வேலை செய்கிறாய் என்றார்கள். இதில் இருப்பதை எனக்கு எடுத்துக் கொடுக்க முடியுமா?" என்றார்.

உள்ளே இருந்தது என்ன தெரியுமா? 1992 முதல் 2001 வரை அவர் விடுமுறை நாட்களில் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ச் சேர்த்த குறிப்புகள். எந்த ஊர் எல்லையில் எந்த நடுகல் இருக்கிறது, அதைப் பற்றி ஊர்ப் பெரியவர்கள் சொன்ன கதை என்ன, நாற்று நடும்போது பெண்கள் பாடிய பாட்டு என்ன என்று எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார். கையெழுத்து நோட்டுகளைக் கரையான் தின்றுவிட்டது. பாடியவர்களில் பெரும்பாலோர் இன்று உயிரோடு இல்லை. மிச்சம் இருப்பது இந்தப் பதினொரு டிஸ்க்குகள் மட்டுமே.

நான் அந்த வேலையில் இறங்கி மூன்று மாதம் ஆனது. அதில் கற்றுக் கொண்டதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். உங்கள் கம்ப்யூட்டர் புதிதாக இருக்கலாம். ஆனால் உங்கள் அப்பாவின் அலமாரியிலோ, மாமாவின் அச்சகத்திலோ இதுபோல ஒரு டப்பா நிச்சயம் இருக்கும்.

பிரச்னை ஒன்றல்ல, மூன்று

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்து கொள்ளுங்கள். பழைய பைலைப் படிக்க முடியவில்லை என்றால் அதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்.

1. டிஸ்க்கைப் படிக்கும் டிரைவ் நம்மிடம் இல்லை.
2. டிரைவ் இருக்கிறது; ஆனால் பைலைத் திறக்கும் சாப்ட்வேர் இல்லை.
3. சாப்ட்வேர் திறக்கிறது, ஆனால் தமிழுக்குப் பதில் ஏதோ கிறுக்கல் தெரிகிறது.

எங்கள் மாவட்டத்து நடுகற்களையே உதாரணமாகச் சொல்லலாம். தருமபுரி அகழ்வைப்பகத்திற்குச் சென்றால் பல்லவர் காலத்து நடுகற்களைப் பார்க்கலாம். கல் ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டி நன்றாகவே இருக்கிறது. அதில் உள்ள மொழியும் தமிழ்தான். ஆனால் எழுத்து வட்டெழுத்து. அதைக் கற்றவர்களைத் தவிர நம்மால் படிக்க முடியாது. தமிழ் பைலின் மூன்றாவது பிரச்னையும் இதேதான். மொழி மாறவில்லை, எழுத்தைக் குறிக்கும் முறை மாறிவிட்டது.

இது நமக்கு மட்டும் வந்த கஷ்டம் என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் 1086-ஆம் ஆண்டு நாட்டில் உள்ள நிலங்களைக் கணக்கெடுத்து, டூம்ஸ்டே புத்தகம் என்று இன்று அழைக்கப்படும் நூலைத் தோலில் எழுதினார்கள். அதன் 900-ஆவது ஆண்டைக் கொண்டாட 1986-இல் பிபிசி நிறுவனம் புதிய டூம்ஸ்டே ஒன்றை லேசர் டிஸ்க்கில் வெளியிட்டது. பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் அந்த டிஸ்க்கை இயக்கும் கருவிகள் அரிதாகிவிட்டன. ஆராய்ச்சியாளர்கள் தனித் திட்டம் போட்டு அதை மீட்க வேண்டியிருந்தது. தோலில் எழுதிய பழைய புத்தகத்தை மட்டும் இன்றும் படிக்கலாம்!

முதல் படி: டிஸ்க்கைப் பூட்டுங்கள்

டிஸ்க்கை டிரைவில் போடும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதில் யாரும் எதையும் எழுத முடியாதபடி பூட்ட வேண்டும்.

சட்டைப் பையில் போடும் அளவுள்ள, கெட்டியான பிளாஸ்டிக் உறை கொண்டது 3.5 அங்குல டிஸ்க். இதன் மூலையில் ஒரு சிறிய நகரும் துண்டு இருக்கும். அதை நகர்த்தி ஓட்டை தெரியும்படி வைத்தால் பூட்டியதாக அர்த்தம். வளையக் கூடிய பெரிய டிஸ்க் 5.25 அங்குலம். இதன் ஓரத்தில் ஒரு வெட்டு இருக்கும். இங்கே விஷயம் தலைகீழ். அந்த வெட்டை ஒரு ஸ்டிக்கரால் மூடினால்தான் பூட்டு. ஓட்டை தெரிந்தால் ஒன்றில் பூட்டு. வெட்டை மூடினால் மற்றொன்றில் பூட்டு. குழப்பிக் கொள்ள வேண்டாம்.

டிஸ்க்கின் மேல் பூஞ்சணம் பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். 3.5 அங்குல டிஸ்க்கின் உலோகக் கதவை மெல்ல விலக்கினால் உள்ளே பழுப்பு நிறத் தகடு தெரியும். அதில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அப்படியே டிரைவில் போடாதீர்கள். அந்த டிஸ்க் மட்டுமல்ல, டிரைவின் ஹெட்டும் கெடும். அடுத்துப் போடும் நல்ல டிஸ்க்கும் அதோடு சேர்ந்து கீறல் வாங்கும்.

இரண்டாவது படி: டிரைவைத் தேடுங்கள்

3.5 அங்குல டிஸ்க்குக்குக் கவலை இல்லை. யுஎஸ்பி பிளாப்பி டிரைவ் இன்றும் ஆன்லைன் கடைகளில் கிடைக்கிறது. விண்டோஸ் 11 உள்ள லேப்டாப்பில் செருகினாலும் ஏ டிரைவ் என்று காட்டும். ஆனால் டிஸ்க்கை யாரும் புதிதாகத் தயாரிப்பதில்லை. பெரிய தயாரிப்பாளரான சோனி 2011-லேயே விற்பனையை நிறுத்திவிட்டது.

5.25 அங்குல டிஸ்க்குக்கு யுஎஸ்பி டிரைவ் கடைகளில் கிடையாது. இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 5.25 டிரைவோடு இன்னும் இயங்கும் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தேடிப் பிடிப்பது. மற்றொன்று, கிரீஸ்வீசல் என்ற சிறிய சர்க்யூட் போர்டு. பழைய டிரைவை இந்த போர்டு வழியாக யுஎஸ்பியில் இணைக்கலாம். டிஸ்க்கில் உள்ள காந்த மாற்றங்களை அப்படியே பதிவு செய்து கொடுக்கும். நான் பெங்களூரு எஸ்.பி. ரோடு கடைகளில் அலைந்து ஒரு பழைய டிரைவை வாங்கினேன். போர்டு, பழைய கம்ப்யூட்டர் சேகரிக்கும் ஒரு நண்பரிடம் இருந்தது.

பழைய கம்ப்யூட்டரே வீட்டில் இருக்கிறதா? அதன் பிளாப்பி டிரைவோடு போராட வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, ஐடிஇ - யுஎஸ்பி அடாப்டர் வழியாகப் புதிய கம்ப்யூட்டரில் இணைத்துப் பாருங்கள். டாஸ், விண்டோஸ் 95 காலத்து டிஸ்க் அமைப்பை இன்றைய விண்டோஸும் படிக்கும்.

மூன்றாவது படி: காப்பி எடுங்கள், திறக்காதீர்கள்

டிஸ்க்கைப் போட்டதும் சில நேரம் விண்டோஸ் ஒரு செய்தி காட்டும். "இந்த டிஸ்க் பார்மட் செய்யப்படவில்லை. இப்போது பார்மட் செய்யலாமா?" என்று கேட்கும். தயவு செய்து வேண்டாம் என்று சொல்லுங்கள். டிஸ்க் காலியாக இருக்கிறது என்று இதற்குப் பொருள் இல்லை. விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை என்றுதான் பொருள். மேக்கின்டோஷ் கம்ப்யூட்டரில் எழுதிய டிஸ்க்குக்கும் இதே செய்திதான் வரும். ஓகே அழுத்தியிருந்தால் உள்ளே இருந்தது போயிருக்கும். பூட்டு போட்டு வைத்ததன் பயன் இங்கே தெரியும்.

பைல்கள் தெரிந்தால் டிஸ்க்கிலேயே டபுள் கிளிக் செய்து திறக்காதீர்கள். மொத்தத்தையும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு போல்டருக்குக் காப்பி செய்திடுங்கள். டிஸ்க்கின் மேல் ஒட்டியுள்ள லேபிளை செல்போனில் படம் எடுத்து அதே போல்டரில் போட்டு வையுங்கள். ஐயா லேபிளில் எழுதியிருந்த ஊர்ப் பெயர்கள் பின்னால் எங்களுக்கு மிகவும் உதவின. பைல் பெயரில் எட்டு எழுத்துக்கு மேல் டாஸ் அனுமதிக்காது. அதனால் எல்லாப் பைலுக்கும் சுருக்கப் பெயர்தான் இருந்தது.

காப்பி பாதியில் நின்றால் அதே டிரைவில் பத்து முறை முயல வேண்டாம். வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு டிரைவின் ஹெட்டும் மிகச் சிறிய அளவில் வேறு இடத்தில் நிற்கும். எழுதிய டிரைவுக்கு ஒத்த டிரைவில் படித்துவிடும்.

எங்கள் கணக்கு இது. ஒன்பது 3.5 அங்குல டிஸ்க்குகளில் ஏழு ஒரே மூச்சில் வந்தன. ஒன்று இரண்டாவது டிரைவில் வந்தது. ஒன்று பாதி மட்டும் வந்தது. இரண்டு 5.25 டிஸ்க்குகளில் ஒன்று வந்தது. மற்றொன்றைப் பூஞ்சணம் முழுதும் தின்றிருந்தது.

ஒரு 3.5 அங்குல டிஸ்க்கின் கொள்ளளவு 14,74,560 பைட்டுகள். இன்றைய 32 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் இப்படி 21 ஆயிரத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை அடைக்கலாம். ஐயாவின் பத்து ஆண்டு உழைப்பு அதில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

நான்காவது படி: எந்த சாப்ட்வேரின் பைல் என்று கண்டுபிடியுங்கள்

பைல் பெயரின் கடைசியில் டாக் என்று இருந்தால் அது மைக்ரோசாப்ட் வேர்ட் பைல் என்று நாம் நினைப்போம். அந்தக் காலத்தில் அப்படி இல்லை. வேர்ட்ஸ்டாரில் அடித்தவர்களும் விருப்பப்படி டாக் என்று பெயர் வைத்தார்கள். ஆகவே பெயரை நம்பாதீர்கள்.

* வேர்ட் 97 முதல் 2003 வரையிலான பைல்கள் இன்றைய வேர்டிலும் லிப்ரே ஆபீஸிலும் நேரடியாகத் திறக்கும்.

* அதற்கு முந்தைய வேர்ட் பைல்களை இன்றைய வேர்ட் தடுக்கலாம். பைல், ஆப்ஷன்ஸ், டிரஸ்ட் சென்டர், டிரஸ்ட் சென்டர் செட்டிங்ஸ், பைல் பிளாக் செட்டிங்ஸ் என்று செல்லுங்கள். அந்தப் பழைய பதிப்புக்கு எதிரே உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் மறக்காமல் மீண்டும் டிக் செய்திடுங்கள். இந்தத் தடை பாதுகாப்புக்காக வைக்கப்பட்டது.

* அச்சகங்களில் இருந்து வந்தவை பெரும்பாலும் பேஜ்மேக்கர் பைல்களாக இருக்கும். இதன் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-இல். இதன் பிந்தைய பதிப்புகளில் சேமித்த பைல்களை இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் திறக்க முயலும். பக்க அமைப்பு கலைந்தாலும் எழுத்து கிடைத்தால் போதும்.

* வேர்ட்ஸ்டார் பைல் என்றால் கொஞ்சம் கதை கேட்க வேண்டும்.

வேர்ட்ஸ்டாரின் 128 ரகசியம்

1978-இல் வெளிவந்து, டாஸ் காலத்தின் தொடக்கத்தில் கோலோச்சியது வேர்ட்ஸ்டார். இன்றும் சில எழுத்தாளர்கள் அதை விடவில்லை. கேம் ஆஃப் த்ரோன்ஸ் கதைகளை எழுதிய ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின், டாஸ் கம்ப்யூட்டரில் வேர்ட்ஸ்டார் 4.0-வில்தான் எழுதுவதாக 2014-இல் ஒரு டிவி பேட்டியில் சொன்னார்.

ஐயாவின் 5.25 டிஸ்க்கில் இருந்தது 1992-இல் ஒரு டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் அடித்த ஆங்கில ஊர்ப் பட்டியல். அதை நோட்பேடில் திறந்தேன். ஒவ்வொரு சொல்லும் சரியாகத் தொடங்கி, கடைசி எழுத்து மட்டும் விசித்திரமாக இருந்தது. பைல் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். கெடவில்லை.

ஆங்கில எழுத்துகளுக்குக் கம்ப்யூட்டர் தரும் எண்கள் 0 முதல் 127 வரை அடங்கிவிடும். ஒரு பைட்டிலோ 255 வரை இடம் உண்டு. மிச்சமுள்ள இடத்தை வேர்ட்ஸ்டாரின் பழைய பதிப்புகள் தங்கள் சொந்த வேலைக்குப் பயன்படுத்தின. சொல் முடிகிறது என்று தனக்குத் தானே குறித்துக் கொள்ள, கடைசி எழுத்தின் எண்ணோடு 128-ஐக் கூட்டி வைத்தன. 101 என்று இருக்க வேண்டிய எழுத்து 229 ஆகிவிடும். 229-ஐ விண்டோஸ் வேறு எழுத்தாகக் காட்டுகிறது. அவ்வளவுதான்.

அப்படியானால் தீர்வு எளிது. 127-க்கு மேல் உள்ள எண்களில் 128-ஐக் கழித்தால் போதும். நான்கு வரி புரோகிராமில் முடியும். பக்கத்து வீட்டில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளையிடம் கேட்டால் எழுதிக் கொடுத்துவிடும். ஒரு எச்சரிக்கை மட்டும். 141 என்ற எண் வந்தால் அது எழுத்தல்ல. வரி தானாக மடிந்த இடம். கழிக்கும் முன் அதை இடைவெளியாக மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு வரியும் தனிப் பத்தியாகிவிடும்.

ஐந்தாவது படி: தமிழ் ஏன் கிறுக்கலாகத் தெரிகிறது?

இப்போது முக்கியமான இடத்திற்கு வருகிறோம். ஐயாவின் மற்ற டிஸ்க்குகளில் இருந்தவை எல்லாம் தமிழ் பைல்கள். வேர்ட் அவற்றைத் திறந்தது. ஆனால் தமிழ் என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் தெரிந்தன.

டைப்ரைட்டிங் படித்தவர்களுக்கு இது உடனே புரியும். பாமினி எழுத்துருவில் ஜே இருக்கும் இடத்தில் த; கே இருக்கும் இடத்தில் ம; பி-யில் இகரக் கொக்கி; ஓ-வில் ழ; அரைப்புள்ளியில் மெய்ப்புள்ளி. பாமினி போன்ற எழுத்துருக்கள் செய்தது ஒரு வேஷம்தான். கம்ப்யூட்டர் தன் மனதில் ஜே என்றே வைத்திருக்கும். திரையில் மட்டும் த வடிவத்தைக் காட்டும். எழுத்துருவை எடுத்துவிட்டால் வேஷம் கலைந்துவிடும்.

ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக இப்படி வேஷம் போட்டது. ஒருவரின் எழுத்துருவில் அடித்தது மற்றவர் கம்ப்யூட்டரில் தெரியாது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. அதைத் தொடர்ந்து தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டு குறியீட்டு முறைகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் ஏற்றது. இணையத்தில் எழுதிய பலர் டிஸ்கி என்ற மற்றொரு முறையைப் பயன்படுத்தினார்கள். பின்னர் எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோட் புழக்கத்துக்கு வந்தது. விண்டோஸ் 2000-லேயே லதா என்ற யூனிகோட் தமிழ் எழுத்துரு இருந்தது. 2010-இல் தமிழக அரசும் யூனிகோடை ஏற்றுக் கொண்டது.

ஆக, 1990-களிலும் 2000-களிலும் அடித்த தமிழ் பைல் உங்களிடம் இருந்தால் அது இவற்றில் எதிலும் இருக்கலாம். அதை யூனிகோடுக்கு மாற்றினால்தான் இன்றைய கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் படிக்க முடியும்.

நான் செய்த தவறு

மாற்றுவதற்கு முதலில் எழுத்துருவின் பெயர் தெரிய வேண்டும். வேர்டில் அந்த வரியின் மேல் கிளிக் செய்தால் மேலே உள்ள பான்ட் பெட்டியில் பெயர் தெரியும். அந்த எழுத்துரு உங்கள் கம்ப்யூட்டரில் இல்லாவிட்டாலும் பெயர் மட்டும் தெரியும்.

நான் அவசரத்தில் என்ன செய்தேன்? முதல் டிஸ்க்கின் பைல்களை எல்லாம் வெறும் டெக்ஸ்ட் பைல்களாகச் சேமித்து, பிறகு கன்வர்ட்டரில் போட்டேன். டெக்ஸ்ட் பைலில் எழுத்துருவின் பெயர் தங்காது. எது தமிழ், எது உண்மையான ஆங்கிலம் என்ற அடையாளமும் போய்விட்டது. ஐயா சில நூல்களின் பெயர்களை ஆங்கிலத்தில் அடித்திருந்தார். கன்வர்ட்டர் அதையும் தமிழ் என்று எண்ணி மாற்றி வைத்தது. படித்தால் ஒரு பொருளும் இல்லை! நல்ல வேளையாக முதல் காப்பி தனியாக இருந்தது. திரும்பவும் முதலில் இருந்து தொடங்கினேன்.

டாப், டிஸ்கி முறைகளில் இந்தச் சிக்கல் குறைவு. அவற்றில் ஆங்கிலம் 127-க்குள் இருக்கும். தமிழ் அதற்கு மேல் இருக்கும். இரண்டும் மோதிக் கொள்ளாது.

ஊர்ப் பெயர்களை வைத்துச் சோதியுங்கள்

எழுத்துருவுக்கு ஏற்ற கன்வர்ட்டரைத் தேர்ந்தெடுங்கள். என்.எச்.எம். கன்வர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் போன்றவை பலகாலமாகப் பலருக்கும் பயன்பட்டவை. எதைப் பயன்படுத்தினாலும் மாற்றியதை அப்படியே நம்பாதீர்கள். நான் எங்கள் மாவட்டத்து ஊர்ப் பெயர்களையே பரீட்சைத் தாளாக வைத்துக் கொண்டேன். நீங்களும் செய்யலாம்.

பென்னாகரம்: பழைய எழுத்துருவில் முதலில் ஒற்றைக் கொம்பு, அதன் பிறகு ப. கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடித்தார்கள். யூனிகோடிலோ நாம் உச்சரிக்கும் வரிசை. முதலில் ப, அதன் பிறகு கொம்பு. கன்வர்ட்டர் இடம் மாற்றித் தர வேண்டும்.

பொம்மிடி, மொரப்பூர்: கொம்பு, எழுத்து, கால் என்று மூன்று துண்டுகள். யூனிகோடில் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறி.

ஒகேனக்கல், பாலக்கோடு: இரட்டைக் கொம்பு சரியாக வருகிறதா என்று பார்க்க.

அரூர், கடத்தூர்: ரூ, தூ ஆகியவை பழைய முறைகள் சிலவற்றில் ஒரே வடிவம். யூனிகோடில் எழுத்தும் குறியுமாக இரண்டு.

இந்த ஏழு பெயர்களும் சரியாக வந்தால் பெரும்பாலான சிக்கல்கள் தீர்ந்தன என்று கொள்ளலாம்.

தருமபுரியே காணவில்லை!

எல்லாம் சரியாக வந்துவிட்டது என்று மகிழ்ந்து, ஐயாவை உட்கார வைத்து பைலில் தருமபுரி என்று தேடினேன். ஒன்றுகூட இல்லை என்றது கம்ப்யூட்டர். தர்மபுரி என்று எழுதும் வழக்கமும் உண்டே என்று அதையும் தேடினேன். அதுவும் இல்லை. ஆனால் முதல் பக்கத்திலேயே தருமபுரி கண்ணுக்குத் தெரிகிறது!

அரை மணி நேரம் கழித்துத்தான் பிடிபட்டது. டைப்ரைட்டரில் ரி அடிக்கும்போது ர எழுத்தைப் பயன்படுத்த மாட்டார்கள். காலை அடித்து அதன் மேல் கொக்கியைப் போடுவார்கள். ர் அடிக்கவும் அப்படித்தான். காலின் மேல் புள்ளி. காகிதத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். நான் பயன்படுத்திய கன்வர்ட்டருக்கு இந்த வழக்கம் தெரியவில்லை. அது தருமபுாி என்று மாற்றி வைத்திருந்தது. அரூரை அரூா் ஆக்கியிருந்தது. கண் ஏமாறும். கம்ப்யூட்டர் ஏமாறாது. அதற்குக் காலும் ரகரமும் வேறு வேறு எழுத்துகள். நான் பரீட்சையில் கண்ணால் பார்த்து அரூருக்கு மார்க் போட்டதும் இப்படித்தான்.

இதற்குத் தீர்வு வேர்டில் உள்ள பைண்ட் அண்ட் ரீப்ளேஸ்.

1. ா் என்பதை ர் என்று மாற்றுங்கள்.
2. ாி என்பதை ரி என்று மாற்றுங்கள்.
3. ாீ என்பதை ரீ என்று மாற்றுங்கள்.

இந்த மூன்றையும் ரீப்ளேஸ் ஆல் கொடுத்து ஒரே அடியாக மாற்றலாம். காலுக்கு மேல் புள்ளியோ கொக்கியோ தமிழில் எங்கும் வராது. அதனால் ஆபத்தில்லை.

ஆனால் கௌ விஷயத்தில் கவனம் தேவை. பழைய முறையில் கௌ என்பது கொம்பு, க, ள என்று மூன்று துண்டுகள். இதனால் கௌரி என்ற பெயர் பல பைல்களில் கெளரி என்று ள எழுத்தோடு வந்திருக்கும். கெள என்பதை எல்லாம் கௌ என்று மாற்று என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்? ஒகேனக்கல்லில் பிடிக்கும் கெளுத்தி மீன் கெட்டுப் போகும்! ஆகவே இங்கே ரீப்ளேஸ் ஆல் வேண்டாம். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

கன்வர்ட்டரே கிடைக்கவில்லையா? அந்த எழுத்துரு பைல் மட்டும் இருந்தால் போதும். கம்ப்யூட்டரில் அதை நிறுவி, பக்கங்களைப் படமாக மாற்றுங்கள். அதை கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸ் மூலம் திறந்தால் படத்தில் உள்ள தமிழைப் படித்து யூனிகோடில் தரும். பிழைகள் இருக்கும். திருத்திக் கொள்ளலாம்.

சேமிக்கும்போது

நோட்பேடில் சேமித்தால் என்கோடிங் என்ற இடத்தில் யுடிஎப் 8 என்று இருக்கிறதா எனப் பாருங்கள். ஏஎன்எஸ்ஐ என்று இருந்தால் தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். அப்படி மூடிய பைலை மீட்க வழி இல்லை.

ஒவ்வொன்றையும் மூன்று வடிவங்களில் வையுங்கள். டெக்ஸ்ட் பைல், வேர்ட் பைல், பிடிஎப். பழைய பைலின் காப்பியையும் அழிக்காதீர்கள். நாளை இன்னும் நல்ல கன்வர்ட்டர் வரலாம். ஒரு பிரதி கம்ப்யூட்டரில், ஒன்று பென் டிரைவில் அல்லது வெளி ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ இருக்கட்டும். முக்கியமானதைக் காகிதத்திலும் அச்சடித்து வையுங்கள்.

ஐயா என்ன சொன்னார்?

மாற்றி முடித்ததை அச்சடித்து அரூர் பக்கம் அவர் வீட்டுக்கே எடுத்துச் சென்றேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக் கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஓர் இடத்தில் நிறுத்தி, "இந்தப் பாட்டைச் சொன்ன அம்மா இறந்து இருபது வருஷம் ஆகிறது" என்றார். பிறகு நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை.

பூஞ்சணம் தின்ற டிஸ்க்கையும், பாதி மட்டும் வந்த டிஸ்க்கையும் பற்றித் தயங்கித் தயங்கிச் சொன்னேன். லேபிளைப் படம் எடுத்து வைத்திருந்தேன் அல்லவா? அதைக் காட்டினேன். அவர் ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். "இதில் பாதியாவது எனக்கு ஞாபகம் இருக்கிறது தம்பி. நான் சொல்கிறேன், நீ அடி" என்றார்.

இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அங்கே போகிறேன். அவர் சொல்லச் சொல்ல நேராக யூனிகோடில் அடிக்கிறேன். இன்றைய விண்டோஸில் தமிழ் 99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஆனால் போன டிஸ்க்கில் இருந்த பாட்டுகள் அவருக்கு ஞாபகம் இல்லை. ஐந்து ஆண்டுகள் முன்னால் அவர் வந்திருந்தால் ஒருவேளை அதுவும் கிடைத்திருக்கும்.

உங்கள் வீட்டு அலமாரியை இந்த வாரமே திறந்து பாருங்கள்.